அம்மாவுக்காக டிவியை மாற்றலாம் என்று இருக்கிறேன்: 32-லிருந்து 43-ஆ, 55-ஆ?

திருநகர் வாசி

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 32 இன்ச் எச்டி ரெடி டிவி. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. பேனலில் கோடு விழவில்லை, புள்ளி விழவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மாவுக்கு 71 வயது. கொஞ்ச நாளாக "முகமெல்லாம் கலங்கலாத் தெரியுதுடா, கீழே ஓடுற எழுத்தைப் படிக்கவே முடியலை" என்கிறார்.

போன சித்திரையில் முழங்கால் வலியால் அவரால் ஆற்றுக்குப் போக முடியவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ராத்திரியே கிளம்பி வைகைக் கரையில் இடம் பிடிக்கிறவர். அன்றைக்கு விடியற்காலை டிவி முன்னால் உட்கார்ந்து, அழகர் ஆற்றில் இறங்கும்போது என்னைப் பார்த்து, "என்ன கலர் பட்டுடா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அது என்னை விட்டுப் போகவே இல்லை. அடுத்த சித்திரைக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும்.

ஹாலில் டிவி இருப்பது சுவரோடு சேர்த்துக் கட்டிய ஷோகேஸில். கடப்பாக்கல் தட்டு. நடுத்தட்டு 3 அடி 3 அங்குல அகலம், 2 அடி 2 அங்குல உயரம். அம்மா உட்காரும் நாற்காலி அங்கிருந்து எட்டரை அடி. பட்ஜெட் 30,000, இழுத்தால் 40,000. 43 வாங்கி ஷோகேஸுக்குள்ளேயே வைப்பதா, ஷோகேஸை விட்டுவிட்டு எதிர்ச்சுவரில் 55 மாட்டுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பைபாஸ் ரோடு

55 போடுங்கள். நான் முதலில் 43 வாங்கி, இரண்டு வருடத்தில் அதைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டு 55 வாங்கினேன். இரண்டு செலவு. டிவி விஷயத்தில் பெரிதாக வாங்கிவிட்டோமே என்று வருத்தப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. முன்பு 32 இன்ச் வரைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேலே போனால் 28. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 தான். வரிக்கு முந்தைய விலை 25,000 என்றால் அன்றைக்கு 32,000 கொடுத்திருப்பீர்கள், இன்றைக்கு 29,500. வரிக்குப் பயந்து 32-லேயே நின்ற காலம் போய்விட்டது.

செல்லூர் மெக்கானிக்

தம்பி, டிவி கிடக்கட்டும். கேபிளா, டிஷ்ஷா? பாக்ஸிலிருந்து டிவிக்கு எந்த ஒயர் போகிறது? பின்னால் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின்னா, இல்லை தட்டையான ஒரே பின்னா?

திருநகர் வாசி

கேபிள்தான் அண்ணே. பல வருடத்துக்கு முந்தைய பாக்ஸ். மஞ்சள், சிவப்பு, வெள்ளை.

செல்லூர் மெக்கானிக்

அப்படியானால் இதை முழுதாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழிலில் இருக்கிறேன். "புது டிவி மங்கலாத் தெரியுது" என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் டிவியில் குற்றமே இருக்காது, ஒயரில்தான் இருக்கும்.

பழைய சாதாரண பாக்ஸ் அனுப்புகிற படம் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. மொத்தம் நாலே கால் லட்சத்துக்குள். உங்கள் 32 இன்ச் டிவியில் 1366-க்கு 768, அதாவது பத்து லட்சத்துக்கு மேல் புள்ளிகள். உங்களிடம் இருக்கிற டிவியையே அந்தப் பாக்ஸால் நிரப்ப முடியவில்லை, பாதிக்கு மேல் டிவி தானாக ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. ஃபுல் எச்டி என்பது 1920-க்கு 1080, இருபது லட்சத்துச் சொச்சம். 4கே என்றால் 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். அதே பாக்ஸை 4கே டிவியில் சொருகினால் வருகிற ஒரு புள்ளியை இருபது புள்ளியாக இழுத்துப் பரப்ப வேண்டும். முகம் மெழுகு பூசினது மாதிரிதான் இருக்கும். 55-ல் அது இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மஞ்சள் ஒயர். அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. டிவி அதைப் பிரித்தெடுக்கிறது. பிரிக்கும்போது நிறம் ஓரங்களில் வழியும், மங்கும், சிவப்பு பக்கத்தில் ஒழுகும். அம்மா பட்டின் நிறம் கேட்டார்கள் என்றீர்களே, நிறம் பெரும்பாலும் அந்த ஒயரில்தான் தொலைந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள். தட்டையான ஒரே பின் உள்ள எச்டிஎம்ஐ ஒயரில் இணையுங்கள். சன் டிவி, கே டிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாவற்றுக்கும் எச்டி சேனல் தனியாக உண்டு. அது உங்கள் பேக்கேஜில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பாக்ஸை மாற்றிவிட்டுப் பழைய சேனல் எண்ணையே அமுக்கிக்கொண்டிருக்கிற வீடுகளும் நிறைய. பத்து நாள் இந்த டிவியிலேயே பாருங்கள். பிறகு புதிது வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.

பைபாஸ் ரோடு

மெக்கானிக் அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் இன்றைக்கு யார் கேபிளை மட்டும் பார்க்கிறார்கள்? நெட்டில் பார்த்தால் படம் நேராகவே நல்ல தரத்தில் வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் வேகம் போதும். வீட்டில் ஃபைபர் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

திருநகர் வாசி

ஃபைபர் இருக்கிறது. ஆனால் அம்மா ரிமோட்டில் மேல் கீழ் பொத்தானைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவருக்குச் சேனல்தான் டிவி.

பழங்காநத்தம் டீச்சர்

தம்பி, ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது அன்றைய ராசிபலனைப் படிக்கிறாரா? ஊசியில் நூல் கோக்கிறாரா? வாசலில் யார் வருகிறார்கள் என்று முகம் தெரிகிறதா?

என் மாமியாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார், "டிவி கலங்கலா இருக்கு" என்று. நாங்களும் டிவியைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, "இந்தச் சுவர் வெள்ளையா? நான் மஞ்சள்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். கண்ணில் புரை விழுந்தால் லென்ஸ் மஞ்சளித்துப்போய் நிறமே மாறித் தெரியும். நீலமும் ஊதாவும் முதலில் மங்கும். பட்டு என்ன நிறம் என்று கேட்டதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. டிவியை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிப்போய்விட்டு வாங்குங்கள்.

திருநகர் வாசி

அக்கா, நிஜமாகவே இது எனக்குத் தோன்றவில்லை. காலண்டரை இப்போதெல்லாம் என்னைத்தான் படிக்கச் சொல்கிறார். இந்த வாரமே கூட்டிப்போகிறேன்.

எல்லீஸ் நகர்

கண்ணையும் ஒயரையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அளவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடையில் சொல்கிற இன்ச் மூலைக்கு மூலை அளவு. 32-ன் திரை அகலம் 71 சென்டிமீட்டர், 43-ன் அகலம் 95, 50-ன் அகலம் 111, 55-ன் அகலம் 122. எழுத்தின் உயரம் இதே விகிதத்தில்தான் கூடும். 32-லிருந்து 43-க்குப் போனால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். 55-க்குப் போனால் 72 சதவீதம்.

4கே வேண்டுமா என்பது வேறு கேள்வி. நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 43 இன்ச் ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் ஐந்தரை அடியைத் தாண்டினால் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 55 இன்ச்சில் ஏழு அடி. நீங்கள் உட்காருவது எட்டரை அடியில். ஆக அங்கிருந்து ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் கூர்மையில் வித்தியாசம் தெரிய வழியில்லை. எச்டிஆர் இருந்தால் வெளிச்சத்திலும் நிறத்திலும் கிடைக்கிற ஆழம் எந்தத் தூரத்திலும் தெரியும். அதற்காக 4கே வாங்கலாம், புள்ளி எண்ணிக்கைக்காக வேண்டாம்.

பைபாஸ் ரோடு நண்பருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் சினிமா பார்ப்பதற்கென்றே டிவி வைப்பவர்கள் திரை 30 டிகிரி கோணத்தை அடைக்க வேண்டும் என்பார்கள். எட்டரை அடிக்கு அது 60 இன்ச்சைத் தாண்டும். ஆகவே 55 உங்கள் ஹாலுக்குப் பெரிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் வேறு வழியும் இருக்கிறது. நாற்காலியை இரண்டு அடி முன்னால் போட்டால் என்ன? ஆறரை அடியிலிருந்து 43-ஐப் பார்ப்பதும் எட்டரை அடியிலிருந்து 55-ஐப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 43 ஒரு நூல் பெரிதாகவே தெரியும்.

மேலூர் பக்கம்

கிராமத்திலிருந்து எழுதுகிறேன். படத்தரம் இருக்கட்டும், டிவி உயிரோடு இருக்க வேண்டுமே. போன ஐப்பசியில் இடி இடித்தபோது டிவி சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தேன். கேபிள் ஒயரைப் பிடுங்கவில்லை. மின்னல் அந்த ஒயர் வழியாக வந்து பாக்ஸ், எச்டிஎம்ஐ போர்டு இரண்டையும் கொண்டுபோய்விட்டது. வாரண்டியில் அது சேராது என்று சொல்லிவிட்டார்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் கழற்ற வேண்டும். மஞ்சள் ஒயர் போய் எச்டிஎம்ஐ வந்த பிறகு அந்த வழியில் அடி விழுந்தால் மெயின் போர்டுக்கே போகிறது, செலவு கூடுதல்.

கரண்ட் பில்லையும் யாரும் பேசவில்லை. பழைய டிவியைவிடப் புதியது 50 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் கோடையில் ஏசி போடுகிற வீட்டில் 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்த 18 முக்கியம். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருப்பதற்கும் வீதம் மாறிவிடும். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதைப் படித்து வாங்குங்கள்.

செல்லூர் மெக்கானிக்

மேலூர் அண்ணன் சொன்னதை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வந்தால் என் கடையில் வந்து நிற்கிற போர்டுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

திருநகர் வாசி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் கண். டீச்சர் அக்காவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் கண்ணாடியின் பவர் நிறைய மாறிப்போயிருக்கிறது. அம்மா போட்டிருந்தது அப்பா இருந்தபோது வாங்கியது. ஆறு வருடம். அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

இரண்டாவது பாக்ஸ். கேபிள்காரர் எச்டி பாக்ஸ் கொண்டுவந்து மாட்டினார். அண்ணன் சொன்ன மாதிரியே பழைய சேனல் எண்ணில்தான் முதல் நாள் முழுக்கப் பார்த்தோம். எச்டி எண்ணுக்கு மாற்றியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்தி வாசிப்பவர் கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். இதே டிவிதான், ஒன்பது வருடமாக இருக்கிற இதே டிவிதான். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வேதனை. இத்தனை வருடம் மூன்று பின் ஒயரில் ஓட்டியிருக்கிறோமே என்று.

மூன்றாவது அளவு. பழைய நாளிதழ்களை ஒட்டி 43-க்கும் 55-க்கும் திரை அளவில் வெட்டினேன். 43-ஐ ஷோகேஸ் மேல் ஒட்டினேன், 55-ஐ எதிர்ச்சுவரில். இரண்டு நாள் அப்படியே விட்டேன். எதிர்ச்சுவரில் ஒரு சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு நேர் எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் வெயில் முழுவதும் அந்தக் காகிதத்தின் மேல்தான். அம்மா சீரியல் பார்க்கிற நேரமே அதுதான்.

ஆனால் அடியில் ஓடுகிற செய்தியை அம்மாவால் இன்னும் முழுதாகப் படிக்க முடியவில்லை. வேகமாக ஓடினால் விட்டுப்போகிறது என்கிறார். ஆகவே டிவி மாற்றுவது என்று முடிவு. 43, ஷோகேஸுக்குள்ளேயே. நாற்காலியை முன்னால் இழுக்க முதலில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அடுப்படிக்குப் போகிற வழி மறையும் என்றார். டீப்பாயைத் தூக்கி மாடிக்கு அனுப்பிவிட்டேன், வழி கிடைத்துவிட்டது.

பைபாஸ் ரோடு

வெயில் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சுவரில் 55 மாட்டியிருந்தால் கண்ணாடி மாதிரி ஜன்னல்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் இடம் இருக்கிறவர்களுக்கு என் பதில் 55 தான். பிள்ளைகளோடு ராத்திரி ஒரு படம் போட்டு உட்கார்ந்தால் அந்த அளவு தருகிற நிறைவு வேறு. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எல்லீஸ் நகர்

ஷோகேஸுக்குள் வைப்பதாக இருந்தால் திரை அளவை நம்பி வாங்காதீர்கள். சட்டத்தோடு சேர்த்து உடல் அகலம் எவ்வளவு, ஸ்டாண்டு காலோடு உயரம் எவ்வளவு என்று மாடலுக்கு மாடல் பாருங்கள். உங்கள் தட்டு 99 சென்டிமீட்டர். 43 இன்ச் பெரும்பாலும் 96, 97-க்குள் வரும். பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் மிச்சம். கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கிற மாடலா, நடுவில் இருக்கிற மாடலா என்பதும் முக்கியம். மேலே காற்றுப் போக இடம் விடுங்கள், சூடு தங்கக்கூடாது.

பழங்காநத்தம் டீச்சர்

காதையும் கவனியுங்கள். ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் சின்னது, பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். ஷோகேஸுக்குள் வைத்தால் சத்தம் கல்லில் மோதிக் கலங்கும். வயதானவர்கள் "சத்தம் வை, சத்தம் வை" என்பது பல நேரம் சத்தத்துக்காக இல்லை, பேச்சு புரியாததால்தான். எங்கள் வீட்டில் ஒரு சின்ன சவுண்ட்பார் வைத்த பிறகு ஒலியளவு பாதியாகக் குறைந்தது.

செல்லூர் மெக்கானிக்

கடைக்குப் போகும்போது: டவுன்ஹால் ரோடானாலும் சரி, வேறு எங்கேயானாலும் சரி, ஷோரூமில் ஓடுகிற பூவும் கிளியும் உள்ள டெமோ படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். அந்த மாதிரிப் படம் உங்கள் வீட்டில் ஓடப்போவதில்லை. பென்டிரைவில் நீங்கள் பார்க்கிற மாதிரியான வீடியோ ஒன்றைப் போட்டு எடுத்துப் போங்கள். பளிச்சென்று 'விவிட்' மோடில் வைத்திருப்பார்கள், 'சினிமா' மோடுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். நேராக மட்டும் நிற்காமல் ஓரத்துக்குப் போயும் பாருங்கள். சில பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். சில பேனலில் ஓரத்திலும் நிறம் மாறாது, கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். முதலாவதை விஏ என்பார்கள், இரண்டாவது ஐபிஎஸ். உங்கள் வீட்டில் ஆட்கள் ஹால் முழுக்கப் பரவி உட்காருவார்களா, அம்மா மட்டும் நேராக உட்காருவாரா என்று யோசித்து எடுங்கள்.

வண்டியில் கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்கப் போடவே கூடாது. நிமிர்த்தி, யாராவது பிடித்துக்கொண்டு வர வேண்டும். பேனல் உடைந்தால் பேனல் விலை கிட்டத்தட்ட டிவி விலை. வாரண்டி உடைந்ததற்குக் கிடையாது.

திருநகர் வாசி

வாங்கியாயிற்று. 43 இன்ச். உடல் அகலம் 96 சென்டிமீட்டர், தட்டில் சரியாக உட்கார்ந்துவிட்டது. நேராகப் பார்க்கிறவர் அம்மாதான் என்பதால் கறுப்பு ஆழமான பேனலாகவே எடுத்தேன். 40,000 வரைக்கும் போகத் தேவைப்படவில்லை, மிச்சத்தில் சவுண்ட்பார் ஒன்று. ஸ்டெபிலைசரும் மாட்டினேன். இடி இடித்தால் கழற்ற வசதியாகக் கேபிளையும் பிளக்கையும் கை எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

பழைய 32-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. அது கெட்டுப்போகவே இல்லை என்று உங்களால்தான் தெரிந்துகொண்டேன். உசிலம்பட்டியில் இருக்கிற சித்தி வீட்டில் இன்னும் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவிதான் இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த திட்டத்தில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயும் பாக்ஸையும் ஒயரையும் பார்த்துவிட்டு வரப்போகிறேன்.

நேற்று காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து அம்மா சத்தமாகச் சொன்னார், "டேய், மாட்டுத்தாவணியில மல்லி கிலோ ரெண்டாயிரமாம்டா." யாரும் படித்துச் சொல்லவில்லை. கீழே ஓடிய எழுத்தை அவரே படித்திருக்கிறார்.

பழங்காநத்தம் டீச்சர்

ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஆறு மாதம் கழித்து அந்த வலது கண்ணை மறக்காமல் காட்டுங்கள்.

செல்லூர் மெக்கானிக்

பாக்ஸின் செட்டிங்ஸில் போய் வீடியோ அவுட்புட் 1080 என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பல பாக்ஸ் 576-லேயே நிற்கும். சித்தி வீட்டிலும் அதைப் பாருங்கள்.